ஐஸ்லாந்தில் கேமராவோடு சுற்ற: கேம்பர் வேனா, சின்னக் காரும் ஹாஸ்டலுமா?

செலவைக் குறைத்து ஐஸ்லாந்து சுற்ற நினைப்பவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். வண்டியும் படுக்கையும் ஒன்றாகிவிடுவதால் வேன்தான் மலிவு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அருவிப் பக்கத்திலேயே தூங்கி, விடியலில் கதவைத் திறந்ததும் படம் எடுக்கலாம் என்பதுதான் வேன் காட்டும் ஆசை. ஆனால் 2015 முதல் வேனில் தூங்குவதென்றால் கேம்ப்சைட்டில்தான் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். ஸ்கோகாஃபோஸ் அருவிக்கு எதிரிலேயே கேம்ப்சைட் இருக்கிறது, ஆனால் எல்லா இடமும் அப்படி வாய்க்காது. ஆக வேன் வாடகை, அதற்கு மேல் ஆளுக்கு இவ்வளவு என்று கேம்ப்சைட் கட்டணம், காரைவிடக் கூடுதலாகக் குடிக்கும் எரிபொருள் என்று கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்புறம் காற்று. அங்கே வானிலை அறிக்கையில் காற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். 15 என்று பார்த்துவிட்டுக் கம்மிதானே என்று கிளம்பிவிடாதீர்கள், அது மணிக்கு 54 கிலோமீட்டர். உயரமான வேனைப் பக்கவாட்டில் அறையும்போது ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கார் தாழ்வாக இருப்பதால் கொஞ்சம் தேவலை, ஆனால் கதவைப் பொறுத்தவரை இரண்டிலும் ஒரே ஆபத்துதான். டிர்ஹோலாயெ மேட்டில் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் முன்பக்கத் தகட்டில் மடிந்தது, கீல் கோணிவிட்டது. சாதாரணக் காப்பீட்டில் இது சேராது என்று வாடகைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதிலிருந்து வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராகத்தான் நிறுத்துகிறேன்.

ஹாஸ்டலில் எனக்குப் பிடித்தது அடுப்படி. போனஸ் என்ற மலிவு விலைக் கடையில் பாஸ்தாவும் ரொட்டியும் வாங்கிப் போட்டால் சாப்பாட்டுச் செலவு பாதிக்கு மேல் குறையும், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும் பேட்டரிகளை வரிசையாகச் சார்ஜ் போடலாம், நனைந்த ஜாக்கெட் விடிவதற்குள் காயும். வேனில் மூச்சுக்காற்றே கண்ணாடியெல்லாம் நீராகப் படியும், லென்ஸும் தப்பாது. ஹாஸ்டலிலும் சூடான அறைக்குள் போகுமுன் கேமராப் பையின் ஜிப்பை மூடிவிடுங்கள், ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். ஹாஸ்டலின் பெரிய குறை முன்பதிவுதான். கிழக்கே வானம் தெளிந்திருக்கும்போது மேற்கே கட்டிய பணத்துக்காக மழையில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

கூடாரம் எல்லாவற்றிலும் மலிவு, ஜூலையில் சரி. மற்ற மாதங்களில் இரவெல்லாம் துணி அடித்துக்கொள்ளும் சத்தத்தில் தூக்கம் வராது.

ஜூனில் இரண்டு பேர் போனால் வேனுக்குத்தான் என் ஓட்டு. நள்ளிரவு வாக்கில்தான் சூரியன் இறங்கும், நல்ல வெளிச்சமே அப்போதுதான், அந்த நேரத்தில் ஹாஸ்டல் படுக்கைக்குப் பணம் கட்டிவிட்டு வெளியேதான் நிற்பீர்கள். செப்டம்பர் என்றால் கார்: இரவு இருட்டிவிடும், வானில் பச்சையாக ஆடும் வடக்கொளி (அரோரா) கிடைக்கலாம், கேம்ப்சைட்டுகளும் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். மூன்று பேர் ஓர் அறையைப் பகிர்ந்தால் யோசிக்கவே வேண்டாம். எஃப் என்ற எழுத்தில் எண் தொடங்கும் மலைச் சாலைகளில் சின்னக் காருக்கு அனுமதியில்லை, நான்கு சக்கர இயக்கம் கட்டாயம். நாட்டைச் சுற்றி 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வட்டச் சாலையை ஒரே வாரத்தில் முடிக்க நினைக்காமல் தென்கரையோரம் ஹோஃப்ன் ஊர் வரை போய்த் திரும்புவதென்றால் அந்தச் சாலைகள் தேவையும்படாது.