அஷ்ஃபோர்ட் டிரம் கார்டர்: வளர்ப்பு ஆட்டின் ரோமத்துக்கு வீட்டிலேயே சாயம் போடுபவர்கள் வாங்கலாமா?

1934இல் தொடங்கிய நியூசிலாந்து நிறுவனம் அஷ்ஃபோர்ட். அதன் டிரம் கார்டர், நூல் நூற்பதற்காக ரோமத்தைச் சீவித் தரும், கையால் சுற்றும் பொறி. சின்ன உருளை ரோமத்தை உள்ளே இழுக்கும், பெரிய உருளை அதைச் சீவி வாங்கிக்கொள்ளும். 20 செ.மீ. அகல மாடலில் சதுர அங்குலத்துக்கு 72 கம்பிப் பற்கள். இரு உருளைகளின் சுழல் விகிதம் 4:1, 6:1 என இரண்டு. முரட்டு ரோமத்துக்கு முன்னது, மெல்லியதற்குப் பின்னது.

நாலைந்து செம்மறியும் ஓர் அல்பாக்காவும் (ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கு) வளர்க்கும் வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் சாயப் பானையில் கெட்டுப்போன ரோமத்தை எந்தக் கார்டரும் சரிசெய்யாது. பொறி முடிச்சு முடிச்சாகத் தருகிறது என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு முந்தைய வேலையில்தான் இருக்கும்.

ஒரு கற்றையை இரு நுனியிலும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்த ரோமம் வேண்டாம். ஆடு காய்ச்சலிலோ பசியிலோ கிடந்த நாட்களில் வளர்ந்த பகுதி மெலிந்திருக்கும். பொறியின் பல்லில் பட்டதும் அறுந்து சிறு உருண்டைகளாகும். வெயிலில் வெளுத்த நுனிகளையும் வெட்டிவிடுங்கள், அவை சாயத்தை வேறு மாதிரி பிடிக்கும்.

அடுத்து, 60 டிகிரி வெந்நீரில் சோப்புக் கரைசலிட்டு, கசக்காமல் ஊறவைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும், பற்களிலும் பிசுக்கு ஒட்டும்.

100 கிராம் உலர்ந்த ரோமத்துக்கு 1 கிராம் அமிலச் சாயம் (வினிகர் போன்ற அமிலத்தோடு ரோமத்தில் ஏறும் சாயம்) நடுத்தர நிறம் தரும். பொடியை முகக்கவசம் போட்டுக்கொண்டு கரையுங்கள். பானை சமையலுக்குத் திரும்பக் கூடாது. ரோமத்தை முதலில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிறகு 3 லிட்டர் சாய நீரில் 50 மில்லி வெள்ளை வினிகர் விட்டு, மெல்லச் சூடேற்றி, கொதிக்க விடாமல் 85 முதல் 90 டிகிரிக்குள் அரைமணி நேரம் வைத்தால் போதும். நீர் தெளிந்தால் சாயம் முழுதும் ஏறிவிட்டது. டர்காய்ஸ் என்ற நீலப்பச்சை மட்டும் பெரும்பாலும் கொஞ்சம் நீரிலேயே தங்கும். கிளறினாலோ, சூட்டோடு குளிர்ந்த நீரில் போட்டாலோ ரோமம் சடை பிடித்துவிடும். பானையிலேயே ஆற விடுங்கள்.

உலர்ந்ததைக் கையால் நன்கு பிரித்து, பொறியின் ஊட்டுத் தட்டின் அடிப்பகுதி தெரியுமளவு மெல்லிய படலமாக ஊட்டுங்கள். ஒரு பாளத்துக்கு, அதாவது பெரிய உருளையிலிருந்து உரித்தெடுக்கும் ரோம விரிப்புக்கு, 40 கிராம் போதும். அவசரமாகச் சுற்றினால் மெல்லிய ரோமம் அறுந்து உருண்டையாகும். இரண்டு நிறங்களை ஒருமுறை ஓட்டினால் கோடுகள் தெரியும், மூன்று முறையில் ஒன்றாகிவிடும். அதற்குமேல் ஓட்டினால் துடிப்பு போய் மங்கிவிடும். சிவப்பும் பச்சையும் சமமாகக் கலந்தால் சேற்று நிறம்தான்!

அல்பாக்கா வழுக்கும். காரிடேல் என்ற செம்மறி இனத்தின் ரோமம் 70 கிராமுக்கு 30 கிராம் அல்பாக்கா எடுத்து, இரண்டு காரிடேல் படலங்களுக்கு நடுவில் வைத்து மூன்று பாளமாக ஓட்டுங்கள். காரிடேல் நூலுக்கு மீள்தன்மை தரும். காற்று வறண்டு ரோமம் பறந்தால், லேசாக நீர் தெளிக்கலாம்.

இரண்டு உருளைகளுக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும். கீறும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள். பல் வளைந்தால் எளிதில் பழைய நிலைக்கு வராது. ரோமம் ஊட்டும்போது கைப்பிடியைப் பின்பக்கம் சுற்றக் கூடாது. ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் பிரஷால் பற்களைத் துடைப்பது அலுப்பான வேலை. கறுப்பு ஆட்டின் ரோமத்துக்குப்பின் வெள்ளையை ஓட்டும்போது அதைத் தவிர்க்க வழியே இல்லை.

ஆண்டுக்கு ஓர் ஆட்டின் ரோமம் மட்டும் கையாள்பவருக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை, ஒரு ஜோடி கைச்சீப்பே போதும்.