ஜேடா, ஜேசனா? ஏஜென்ட் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும்போது

ஜேடும் ஜேசனும் ஏஜென்ட்டுகளை, அதாவது தானாக முடிவெடுத்து இயங்கும் சிறு நிரல்களை, உருவாக்கி ஓட்டும் கருவிகள். இரண்டும் ஜாவா, இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இரண்டிலும் ஏஜென்ட்டுகள் செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். ஜேசனில் ஏஜென்ட்ஸ்பீக் மொழியைக் கூடுதலாகக் கற்க வேண்டும். ஜேடில் ஜாவா போதும். பத்துப் பன்னிரண்டு ஏஜென்ட்டுக்கு எதை எடுத்தாலும் சரி. ஆயிரக்கணக்கில் போனால் நான் ஜேசன் பக்கம். த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) கணக்குதான் காரணம்.

ஜேடில் ஏஜென்ட்டுக்கு ஒரு த்ரெட். 64 பிட் லினக்ஸில் ஜாவா ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டேக்குக்கும் (அதன் சொந்தத் தற்காலிக நினைவகம்) வழக்கமாக 1 எம்பி ஒதுக்கிவைக்கும். 10,000 ஏஜென்ட் என்றால் 10 ஜிபி அளவுக்கு முகவரி இடம். அத்தனையும் ரேமைத் தின்னாது என்றாலும், பயனருக்கான ப்ராசஸ் வரம்பு (த்ரெட்டுகளும் அதில் சேரும்) அதற்கு முன்பே இடிக்கலாம். அப்போது வரும் பிழை 'அவுட் ஆஃப் மெமரி' என்று தொடங்குவதால் பலர் ஹீப்பை (ஜாவாவின் பொது நினைவகத்தை) கூட்டுவார்கள். பயனில்லை. புது த்ரெட் உருவாக்க முடியவில்லை என்று அதே வரியின் பின்பாதியில் இருக்கும். ஸ்டேக்கை 256 கேபிக்குக் குறைக்கலாம், வரம்பை உயர்த்தலாம், ஏஜென்ட்டுகளைப் பல கன்டெய்னர்களாகப் (ஜேடில் ஏஜென்ட்டுகள் ஓடும் கூடுகள்) பிரித்துத் தனித்தனி ஜேவிஎம்மில் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) ஓட்டலாம். எல்லாமே நடக்கிற காரியம்தான். எண்ணிக்கை கூடக்கூட மறுபடி மறுபடி செய்ய வேண்டும்.

ஜேசனிலும் ஒன்றும் சொல்லாமல் விட்டால் இதே கதை. ஆனால் ப்ராஜெக்ட் கோப்பில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வரியில் பூல், 4 என்று கொடுத்தால் அத்தனை ஏஜென்ட்டும் நான்கு த்ரெட்டைப் பகிர்ந்துகொள்ளும். சிபியு கோர் எண்ணிக்கையில் தொடங்குவது நல்லது. அதே கோப்பில் ஏஜென்ட் பெயருக்குப் பக்கத்தில் #1000 என்று போட்டால் 1, 2 என்று எண் சேர்த்து ஆயிரத்தையும் எழுப்பிவிடும். ஜேடில் இதற்குத் துவக்கி நிரலில் லூப் எழுத வேண்டும். கட்டளை வரியில் கொடுப்பதாக இருந்தால் ஏஜென்ட்டுகளைப் பிரிப்பது அரைப்புள்ளி. மேற்கோள் குறி விட்டுப்போனால் லினக்ஸ் ஷெல் அங்கேயே கட்டளையை வெட்டிவிடும். முதல் ஏஜென்ட் மட்டும் எழும்.

பூலுக்கும் ஒரு விலை உண்டு. நீங்கள் ஜாவாவில் எழுதிய இன்டர்னல் ஆக்‌ஷன் (ஏஜென்ட் அழைக்கும் ஜாவா நிரல்துண்டு) டேட்டாபேஸுக்காகக் காத்திருந்தால் ஒரு த்ரெட்டைப் பிடித்துக்கொள்ளும். நான்கு ஏஜென்ட் அப்படி நின்றால் மொத்த அமைப்பும் நிற்கும். ஜேசனின் சொந்த வெயிட் கட்டளை அப்படியல்ல, அந்த இன்டென்ஷனை (ஏஜென்ட் அப்போது செய்துகொண்டிருக்கும் வேலையை) மட்டும் ஒதுக்கிவைக்கும். ஜேடில் பிஹேவியருக்குள் (ஏஜென்ட்டின் வேலையை எழுதும் பகுதி) ஸ்லீப் போட்டால் அந்த ஏஜென்ட்டோடு பாதிப்பு முடிந்துவிடும்.

பல இயந்திரங்களில் பரப்புவதற்கு ஜேட்தான் பழுத்த கருவி. ஜேசனை அப்படி நீண்ட நாள் ஓட்டிய அனுபவம் எனக்குக் குறைவு. ஜேட் எடுப்பவர்கள் அதன் டைரக்டரியை (ஏஜென்ட்டுகள் தரும் சேவைகளின் பட்டியல்) கவனியுங்கள்: தேடலுக்கு இயல்பாக 100 முடிவுதான் தரும், பிழையும் காட்டாது, மேக்ஸ்ரிசல்ட் அமைப்பை முதலிலேயே உயர்த்திவிடுங்கள். ஜேசன் ஏஜென்ட்டுகளை ஜேட் மேலேயே ஓட்டும் வழியும் உண்டு, ஆனால் அப்போது பூல் கிடையாது.