கொட்டகலை என்றதும் விழும் ஸ்ட்ரீம்: பஃபர் பிழைக்கு எந்த வைத்தியம்?

மலையகத்தில் தேர்த் திருவிழாவை லைவில் விடும் பிள்ளைகள் சிலர், சி மொழியில் சின்ன நிரல் எழுதி வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். ஊர்ப்பெயரைப் படத்தின்மேல் போடுவதும் பிளேலிஸ்ட்டில் எழுதுவதும் அதன் வேலை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஓடிய நிரல் கொட்டகலை என்றதும் விழுந்தால், சிக்னலைத் திட்டுவதற்கு முன், நினைவகத்தில் இடம் கேட்கும் மாலொக் வரியைப் பாருங்கள்.

யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. 'ஹட்டன்' 18 பைட், 'நுவரெலியா' 27, 'கொட்டகலை' 24. உரையை அளக்கும் ஸ்ட்ர்லென் சொன்ன நீளத்தை அப்படியே மாலொக்கிடம் கேட்டால், உரை முடிந்தது என்று காட்ட முடிவில் வரும் பூஜ்ய பைட்டுக்கு இடமில்லை. 64 பிட் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி, 18 கேட்டால் 24 தருகிறது, 27 கேட்டால் 40. பிழை அந்த மிச்சத்தில் ஒளிந்துகொள்கிறது. 24 கேட்டால் மட்டும் சரியாக 24தான். 25ஆவது பைட் அடுத்த நினைவகத் துண்டின் அளவுக் குறிப்பைக் கெடுக்க, நிரல் பிறகு எங்கோ நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது (ஃப்ரீ) விழுகிறது. நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு, -g தெரிவும் சேர்த்துக் கம்பைல் செய்து ஓட்டினால், 18 பைட் பெயரிலேயே வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும். கீழே எந்த வழியை எடுத்தாலும் இதை விடாதீர்கள்.

நீளத்தோடு ஒரு பைட் கூட்டிக் கேட்பது முதல் வழி. ஒற்றைப் பெயருக்குப் போதும். கோயில், தோட்டம், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்று ஒட்டிக்கொண்டே போனால் கணக்கு எங்காவது தவறும்.

பலரும் எடுப்பது, நிலையான நீளமுள்ள அரேயும், அந்த நீளத்துக்குள் மட்டும் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் சார்பும். எல்லை மீறாது, ஆனால் வெட்டும். 32 பைட் அரேயில் 'முத்துமாரியம்மன்' போனால் 'முத்துமாரி'யும் 'ய'வின் முதல் பைட்டும் மட்டும் மிஞ்சும். வீடியோவைச் சின்னத் துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறையின் பிளேலிஸ்ட் யுடிஎஃப்-8இல்தான் இருக்க வேண்டும் என்கிறது, அதன் விதிகளைச் சொல்லி 2017இல் வந்த ஆர்எஃப்சி 8216 ஆவணம். அப்படிப் படிக்க முடியாத பிளேலிஸ்ட்டை பிளேயர் ஏற்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆக, பாதி எழுத்து ஒன்றே முழு ஸ்ட்ரீமையும் நிறுத்திவிடலாம். விழும் நிரலைவிட வெட்டும் நிரலே மோசம் என்பேன். விழுந்தால் நமக்காவது தெரியும். அரேயை 1024 பைட் ஆக்கினால் போதாதா என்றால், எஃப்எஃப்எம்பெக்கே கோப்புப் பெயருக்கு வைத்திருந்த 1024 பைட் அரேயை 2018இல் கைவிட்டு, தேவைக்கேற்ப ஒதுக்கும் முறைக்கு மாறியது. இன்னொன்று: எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தருவது எழுதிய நீளம் அல்ல, தேவைப்பட்ட நீளம். அதை நம்பி அடுத்த துண்டை ஒட்டினால் மறுபடி எல்லை மீறல்தான்.

அடுத்த வழி, எஃப்எஃப்எம்பெக் தரும் ஏவி_ஏஎஸ்பிரிண்ட்எஃப் சார்பு. தானே அளந்து தானே ஒதுக்கும். ஒரே மூச்சில் எழுதும் வரிக்கு அருமை. ஒதுக்கியதை விடுவிக்கும் ஏவி_ஃப்ரீ கொடுக்க மறந்தால், 6 வினாடி வீடியோத் துண்டுக்கு ஒரு வரி என்றாலே மணிக்கு 600 நினைவகக் கசிவு. இரவு முழுக்க ஓடும் தேருக்கு இது விளையாட்டல்ல. சி++க்கு மாற்றினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் போகும், ஆனால் சின்ன நிரலை அதற்காகத் திருப்பி எழுதச் சொல்லமாட்டேன்.

என் தேர்வு, எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் உரை பஃபரான ஏவிபிபிரிண்ட். அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. சின்ன உரை ஸ்டாக்கிலேயே தங்கும், பெரிதானால் தானாக வளரும். துண்டு துண்டாக ஒட்டிவிட்டு, கடைசியில் ஒரே இடத்தில் முழுமையா என்று கேட்டால் போதும். தொடங்கும்போது உச்ச அளவை மட்டும் கவனியுங்கள். 'ஆட்டோமேட்டிக்' கொடுத்தால் வளராது, இதுவும் வெட்டும். 'அன்லிமிட்டெட்' உங்கள் கையால் எழுதும் தலைப்புக்குச் சரி. வெளியாரிடமிருந்து வரும் உரைக்கு ஒரு வரம்பு போட்டு, மீறினால் அந்தத் தலைப்பையே நிராகரியுங்கள்.