உதகை ஆஸ்பத்திரி வாசல் கஞ்சி: சூட்டுக்கு முழு மார்க், துவையலுக்குப் பாதி

உதகையில் ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளோடு துணைக்கு இருப்பவர்களுக்காக ஒரு கிறிஸ்தவ சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் காலை ஆறரைக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். திங்கள், புதன், வெள்ளி. காசு கிடையாது, பேனர் கிடையாது. சுவிசேஷக் கைப்பிரதியை யார் கையிலும் திணிப்பதில்லை; ஜெபம் வேண்டும் என்று கேட்டால் ஓரமாகக் கூட்டிப்போய்ச் செய்கிறார்கள். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறவர்களை பைபிளில் யாக்கோபு 2:16 ஒரு பிடி பிடிக்கும். ஜனவரி உறைபனியில் அந்த வசனம் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது.

அரிசி எல்லாம் பிடியரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை சபைக் கோவிலுக்குக் கொண்டுவருவது. அதில் ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி எல்லாம் கலந்திருக்கும். அப்படியே போட்டால் பச்சரிசி கரைந்துவிடும், புழுங்கல் நடுவில் விறைத்து நிற்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த அண்டாவில் எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. அதனால் மொத்த அரிசியையும் மில்லில் கொடுத்து நொய்யாக உடைத்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்.

ஆறு கிலோ நொய்க்கு ஒரு கிலோ பாசிப்பருப்பு, 100 கிராம் வெந்தயம், அரைக் கிலோ பூண்டு, 55 லிட்டர் தண்ணீர். பருப்பு மட்டும் குக்கரில் தனியாக வெந்து வருகிறது. இறக்கும்போது கஞ்சி மோர் மாதிரி ஓட வேண்டும். அடுப்பிலேயே பதமாகிவிட்டால் வாசலில் அரை மணியில் களிதான். இறுகினால் தளர்த்த ஒரு கேன் வெந்நீர் கூடவே வருகிறது. பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சூடும் போய்விடும், கஞ்சியும் திரிந்து நிற்கும். அண்டாவைப் பழைய கம்பளிகளில் சுற்றி மரப்பெட்டிக்குள் இறக்குவதால், ஏழரை மணிக்குக் கடைசியில் நிற்கிறவருக்கும் ஆவி பறக்கிறது. ஆளுக்கு இரண்டு கரண்டி, ஏறக்குறைய 400 மில்லி. உப்பு பாதிதான் போடுகிறார்கள். மீதி மேசையில் கிண்ணத்தில் இருக்கிறது. ரத்தக்கொதிப்புக்காரர்களை நினைத்துச் செய்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கப் இந்த மலையில் ஆகாது, தூக்குப்போணி கொண்டுபோங்கள்.

துவையல்தான் சொதப்பல். தேங்காய்த் துவையலை ராத்திரியே அரைத்துவைக்கிறார்கள். விடிவதற்குள் அதன் எண்ணெய் உறைந்து, நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. பாத்திரத்தை வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தாலே சரியாகிவிடும்; இல்லாவிட்டால் பொட்டுக்கடலையும் பூண்டும் இடித்த பொடி போதும். அரிசியாகவே இருப்பதில் சர்க்கரைக்காரர்கள் தயங்குகிறார்கள். சாமை, ராகி விளைந்த மலை இது, வாரத்தில் ஒரு நாளாவது ராகிக் கூழ் ஊற்றலாம்.

இன்னொன்று, கிழமை எழுதிய அட்டை எங்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை போணியோடு வந்து வெறுங்கையாகத் திரும்புகிறவர்கள் உண்டு. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம், சரி. பசித்தவனுக்குத் தெரிய வேண்டாமா?

உதவ நினைப்பவர்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு போய் நிற்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் பூண்டு உரிக்க ஆள் தேவை. விடியற்காலை ஆறு மணிக்கு அந்த அண்டாவை வண்டியில் ஏற்ற, முதுகுவலி இல்லாத நாலு பேர் தேவை.