இலச்சினை பெரிசு, தமிழ் எழுத்து சிறிசு: கொழும்பில் 20 வருடமாகத் தமிழ்ச் செய்தி பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் எந்தத் தொலைக்காட்சி அலைவரிசைக்கும் பெயர் கிடையாது. அம்மாவுக்கு அவை தமிழ்ச் செய்தி வருகிற நேரங்கள்: "ஏழு மணி", "எட்டு மணி", அவ்வளவுதான். "எட்டு மணியைப் போடு" என்றால் நான் சக்தியைப் போட வேண்டும். "ஏழு மணி" என்றால் நேத்ரா. வசந்தத்துக்கு மட்டும் மணி இல்லை, "மற்றது" என்பார். லட்சக்கணக்கில் செலவழித்து இலச்சினை (லோகோ) செய்கிறார்கள், பளபளவென்று சுழல விடுகிறார்கள், வருடத்துக்கொரு புது ஸ்டூடியோ கட்டுகிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டில் அதெல்லாம் கடைசியில் மணிக்கூட்டு முள்ளாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

நான் ஆமர் வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிற வேலை செய்கிறேன். கலியாண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ், இடைக்கிடை கட்சிக்காரர்களின் துண்டுப் பிரசுரம். ஆகவே மற்றவர்கள் செய்தியைப் பார்க்கும்போது நான் எழுத்தைப் பார்ப்பேன். இது ஒரு வியாதி. இருபது வருடமாகத் தமிழ்ச் செய்தி பார்த்ததில் எனக்குத் தட்டுப்பட்டதை இங்கே எழுதுகிறேன். தொலைக்காட்சித் துறைக்காரன் இல்லை, சந்தா கட்டுகிறவன்.

முதலில் பெயர்களைப் பற்றி. இந்த ஊர்ச் செய்தி நிறுவனங்களின் பெயர்களை மொழி தெரிந்து கேட்டால் சுவாரஸ்யமாக இருக்கும். சிங்களத்தில் ஹிரு என்றால் சூரியன். அதே குழுமத்தின் தமிழ் வானொலி சூரியன், ஆங்கில வானொலி சன். ஒரே சூரியன், மூன்று மொழி. பெயர் வைத்தவர் யாரோ, சரியான ஆள். அத தெரண இன்னொரு கதை. 'அத' என்றால் சிங்களத்தில் இன்று. தமிழில் எழுதும்போது அந்த 'த'வை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் என் மச்சான் பல வருடமாக அதை "அதைத் தெரண" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேத்ரா என்றால் கண். அந்த அலைவரிசைக்கு ஆங்கிலத்தில் 'சேனல் ஐ' (Eye) என்றே பெயர், ஆக மொழி மட்டும்தான் மாறியது. நியூஸ் ஃபர்ஸ்ட் என்பதை எங்கள் பகுதியில் 'நியூஸ் பெஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். முதலாவதா, சிறந்ததா என்று யாரும் கேட்டதில்லை. ஒரு விளம்பர நிறுவனம் காசு வாங்கிக்கொண்டுகூட இப்படி ஒரு இரட்டை அர்த்தத்தைச் செய்து தந்திருக்க முடியாது.

பெயரில் உண்மையாக வென்றது ரூபவாஹினிதான். 1982 பெப்ரவரியில் ஜப்பான் உதவியோடு தொடங்கியது. இன்று சிங்களத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கே அதுதான் சொல். அப்பா கடைசிவரை "ரூபவாஹினியை நிப்பாட்டு" என்றுதான் சொன்னார், ஓடிக்கொண்டிருப்பது வேறு எதுவாக இருந்தாலும். அதற்கும் மூன்று வருடம் முந்தியது சுயாதீன தொலைக்காட்சி. 1979 ஏப்ரல் 13, புதுவருடத்துக்கு முதல் நாள் தொடங்கி, சில வாரத்திலேயே அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் பெயரில் 'சுயாதீன' அப்படியே இருக்கிறது. இலச்சினைகளைப் பற்றி எழுதும் எவரும் இந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கருத்து. 2009இல் வந்த வசந்தம் இதன் பிள்ளை.

சரி, நேரத்துக்கு வருவோம். ஹிருவும் தெரணவும் பிரதான சிங்களச் செய்தியை 6.55க்கு வைத்தார்கள். ஏழுக்கு ஐந்து நிமிடம் முந்தி. அந்த ஐந்து நிமிடம் வெறும் நேரம் இல்லை, அதுவே ஒரு விளம்பரம். ஏழு மணிக்காரர் "வணக்கம்" சொல்லும்போது இவர்கள் தலைப்புச் செய்திகளை முடித்திருப்பார்கள். சக்தியை நடத்தும் மகாராஜா குழுமம் வேறு வழியில் போனது. சிரசவில் 7க்குச் சிங்களம், சக்தியில் 8க்குத் தமிழ், டிவி 1இல் 9க்கு ஆங்கிலம் என்று ஏணிப்படி மாதிரி வைத்தார்கள். கொழும்பில் மூன்று மொழியும் ஓரளவு தெரிந்த வீடுகள் நிறைய. எனக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் எந்தக் குழுமமானாலும் சிங்களச் செய்தியையும் தமிழ்ச் செய்தியையும் அடுத்தடுத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஒரு செய்தி எங்கே பிறந்தது, எங்கே மொழிபெயர்க்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். சிங்களத்தில் ஒருவர் கோபமாகப் பேசியது தமிழில் "கருத்துத் தெரிவித்திருந்தார்" என்று குளிர்ந்து வரும். அப்புறம் ஒவ்வொரு செய்தியும் "என்பது குறிப்பிடத்தக்கது" என்று முடியும். ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன், அரை மணித்தியாலத்தில் பதினொரு விஷயம் குறிப்பிடத்தக்கதாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

இனி என் வியாதிக்கு. திரையின் கீழே பேசுகிறவரின் பெயரும் பதவியும் வருமே, அந்தப் பட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? சிங்களத்துக்கு அளவெடுத்து வரைந்த பட்டி அது. தமிழில் அதே பதவி நீண்டுவிடும். 'பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சர்' என்று அடித்தால் பட்டி கொள்ளாது. வடிவமைப்பாளர் என்ன செய்வார்? எழுத்தைப் பக்கவாட்டில் நெரிப்பார். 'ணை'யும் 'னை'யும் ஒன்றாகிவிடும், 'ற'வின் கால் பக்கத்து எழுத்தின் மடியில் ஏறும். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்குப் போட்டால் தொளதொளக்கும், பரவாயில்லை. இது தம்பிக்குத் தைத்ததை அண்ணனுக்கு மாட்டுகிற வேலை, பொத்தான் தெறிக்கிறது. எங்கள் அச்சகத்தில் அழைப்பிதழில் இப்படி நெரித்தால் பெண் வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து பாமினி. அச்சகக்காரர்களுக்குத் தெரியும், இந்நாட்டில் தமிழ்த் தட்டச்சு பல காலம் பாமினி எழுத்துருவில்தான் வாழ்ந்தது. அதில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக்குப்பையாக விழும். ஒருநாள் இரவு கீழே ஓடும் வரியில் திடீரென்று அந்தக் குப்பை ஓடியது. எந்த அலைவரிசை என்று சொல்லப் போவதில்லை, எல்லாரிடமும் நடந்திருக்கக்கூடியதுதான். அம்மா "என்ன இங்கிலிஷ் இது?" என்றார். நான் வாசித்துச் சொன்னேன். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விழும், அதைப் பிடித்துக்கொண்டால் மிச்சத்தை ஊகிக்கலாம். "கொழும்பு 13, 14, 15 பிரதேசங்களுக்கு நாளை நீர்வெட்டு" என்று ஓடிக்கொண்டிருந்தது. எங்களுடையது 13. வாளி எல்லாம் நிரப்பி வைத்தோம். அந்தக் கட்டடத்திலேயே நாளைக்குத் தண்ணீர் வராது என்று தமிழில் தெரிந்த ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் இருபது வருடத்தில் தொலைக்காட்சி எங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட நாட்கள் இரண்டு மூன்றுதான். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்த 2019 ஏப்ரல் 21 அதில் ஒன்று. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் எங்களிடமிருந்து நடக்கும் தூரம். சத்தம் கேட்டபோது நாங்கள் எரிவாயு வெடித்ததென்று நினைத்தோம். அன்றைக்கே பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்தியது, ஊரடங்கும் வந்தது. மிஞ்சியது தொலைக்காட்சிப் பெட்டி. எங்கள் ரிமோட் அன்று சிங்கள அலைவரிசைகளிலேயே நின்றது, ஏனென்றால் அங்கேதான் புது விஷயம் முதலில் வந்துகொண்டிருந்தது. நான் கேட்டுக் கேட்டு அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு கட்டத்தில் பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து உட்கார்ந்துவிட்டார். வாசிப்பாளர் இல்லாத ஒரு தமிழ்ச் செய்திச் சேவையை அன்று பத்து மணித்தியாலம் நானே நடத்தினேன்.

2022இல் நிலைமை தலைகீழ். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எட்டு மணிச் செய்தி வரும்போது கரண்ட் இருக்காது. செய்தியில் மின்வெட்டு அட்டவணை சொல்வார்கள், அதைப் பார்க்கக் கரண்ட் இருக்காது. அந்த மாதங்களில்தான் அம்மாவே போனில் யூடியூப் பார்க்கப் பழகினார். பிறகு ஜூலை 13ஆம் திகதி அரசாங்கத்துக்கு எதிரான போராட்டக்காரர்கள் ரூபவாஹினி நிலையத்துக்குள் போனபோது அதன் ஒளிபரப்பே சிறிது நேரம் நின்றது. திரை வெறுமையானதும் அம்மா ரிமோட்டைத் தட்டினார், பிறகு பெட்டரியை மாற்றினார்.

வருகிற விதத்தையும் சொல்லத்தானே வேண்டும். எங்கள் யன்னலைத் திறந்தால் தாமரைக் கோபுரம் தெரியும். சுமார் 350 மீற்றர், ஒளிபரப்புக்கென்றே கட்டியது. ஆனால் அன்டெனாவை வைத்தால் படம் இன்னும் இரட்டையாகத்தான் விழுகிறது. ஜப்பானிய முறையில் டிஜிட்டலுக்கு மாறுவதென்று 2014இல் முடிவெடுத்தார்கள், வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே டிஷ். மழை வலுத்தால் முகம் சதுரம் சதுரமாக உடையும், "மேல், சப்ரகமுவ மாகாணங்களில் அவ்வப்போது மழை" என்று வாசிக்கும்போதே உடையும். அதற்கு மேல் வேறு ஆதாரம் வேண்டாம்.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். நல்லதும் உண்டு. மலையகச் சம்பளப் பிரச்சினையோ, வடக்கில் காணிப் பிரச்சினையோ, சிங்களச் செய்தியில் ஒரு வரியாகப் போவது தமிழில் முழுச் செய்தியாக வரும், அந்த மனிதர்களின் சொந்தக் குரலில் வரும். அதற்காகத்தான் இன்னும் எட்டு மணிக்கு உட்காருகிறோம். பிராந்திய நிருபர்கள் எடுத்து அனுப்புகிற அந்தக் கை நடுங்கும் காட்சிகளுக்கு இருக்கிற மதிப்பு சுழலும் இலச்சினைக்கு இல்லை. கொழும்புத் தமிழர்தான் இடையில் காணாமல் போகிறோம். நாங்கள் செய்தியில் வருவது ஆடிவேல் திருவிழா அன்று மட்டும்.

இப்போது இலச்சினைக்கு வந்திருக்கும் புதுத் தொல்லை போலிக் கார்டு, அதாவது அலைவரிசையின் இலச்சினையைப் போட்டு போனில் சுற்றவிடும் பொய்ச் செய்திப் படம். போன வருடம் ஒரு மாதக் கடைசியில் வத்தளையிலிருந்து அண்ணி ஒரு செய்திக் கார்டு அனுப்பினார். "இன்று நள்ளிரவு முதல் பெற்றோல் லீற்றருக்கு 40 ரூபாவால் அதிகரிப்பு." மேலே ஒரு பிரபல அலைவரிசையின் இலச்சினை. மாதக் கடைசியில் விலை திருத்துவது வழக்கம் என்பதால் யாரும் நம்புவார்கள். கீழே அண்ணியின் குரல் பதிவு: "தம்பி, அண்ணா வேலைக்குப் போயிட்டார். நீங்களாவது ஓடிப்போய் அடிச்சு வையுங்கோ."

நான் கார்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து நெரியவில்லை. பட்டிக்குள் அளவாக உட்கார்ந்திருந்தது. ஒற்று எல்லாம் சரியான இடத்தில் மிகுந்திருந்தது. 'அதிகரிப்பு' இரண்டு வரியாக உடையவில்லை. 'குறிப்பிடத்தக்கது' இல்லை. இவ்வளவு சுத்தமாகத் தமிழ் வந்தால் எனக்குச் சந்தேகம் வராதா? பிறகு இலச்சினையைப் பார்த்தேன், அது பழையது. அவர்கள் அதை மாற்றி வருடங்கள் ஆகிவிட்டன. போலி செய்தவர் தமிழில் கெட்டிக்காரர், இலச்சினையில் கோட்டை விட்டுவிட்டார். அண்ணிக்கு எழுதினேன்: "பொய். தமிழ் நல்லா இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கார்டு வந்தாலும் முதலில் எனக்கு வரும். போன கிழமைகூட ஒன்று வந்தது. எரிவாயு பற்றி. 'விலை'க்கு 'விளை' போட்டிருந்தார்கள், திகதியில் ஒரு எழுத்து இல்லை, கடைசி வரி பட்டிக்கு வெளியே தொங்கியது.

"உண்மைதான் அண்ணி," என்று அனுப்பினேன், "சிலிண்டரை இன்றைக்கே மாத்துங்கோ."