புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய்: வாங்கிப் படிக்கும் ஒருத்தியின் மதிப்பீடு

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, 2023-ல் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன், இப்போது மூன்றாம் ஆண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்குத் தமிழக அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தில், முதல் வருடத்திலிருந்தே மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் பெண்களும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.

அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. அதனால் "செலவே இல்லையே, அப்புறம் எதற்கு ஆயிரம்" என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. கல்லூரிப் படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் பெரிய தொகையால் இல்லை, வாரா வாரம் கேட்கும் ஐம்பது, நூறால்தான். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், செமஸ்டருக்கு செமஸ்டர் பேப்பர் கணக்கில் தேர்வுக் கட்டணம், போன் ரீசார்ஜ், நாப்கின். அம்மா கோரைப் பாய் நெய்கிறார். மழை பிடித்துக்கொண்டால் கோரை காயாது, வேலையும் இருக்காது, கூலியும் வராது. தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்லும் நேரம் அந்த மழை மாதத்தில் வந்து நிற்கும். என் பெயரில் இருக்கும் கணக்கில் பணம் இருப்பதால் அம்மாவும் கைமாத்து கேட்டு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்பதில்லை. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பணம் மாதா மாதம் வருகிறது, அதுவும் படிக்கிற பெண்ணின் கணக்குக்கே வருகிறது.

என் அக்கா 2017-ல் பிளஸ் டூ முடித்தாள். என்னைவிட நல்ல மதிப்பெண். கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் தினசரிச் செலவுக்கு வழி தெரியாமல் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் கல்யாணம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் அவளுக்கு 25,000 ரூபாயும் ஒரு பவுனும் கிடைத்தன. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் தொடங்கிய திட்டம் அது. தாலிக்குத் தங்கம் 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் சேர்ந்தது. அதையே மாற்றி, அதே அம்மையார் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டமாக 2022 செப்டம்பர் 5 அன்று ஸ்டாலின் ஆட்சி கொண்டுவந்ததுதான் இந்தப் புதுமைப் பெண். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயர் கல்யாணச் செலவைவிட படிப்புக்கு நன்றாகவே பொருந்துகிறது.

தங்கம் விற்கும் விலையைப் பார்த்து "உனக்கும் ஒரு பவுன் வந்திருக்கும்டி" என்று அம்மா இன்னும் சொல்வார். அதற்கு அக்காதான் பதில் சொல்வாள், "என் பவுன் அடகுக் கடையிலதானே இருக்கு". மூன்று வருடத்துக்கு 36,000 ரூபாய் என்று கூட்டிப் பார்த்தால் பவுனைவிடக் குறைவுதான். ஆனால் அக்காவுக்கு 2017-ல் மாதம் ஆயிரம் வந்திருந்தால் அவள் இன்று பட்டதாரி.

நிபந்தனைகள் எளிமையானவை. பிளஸ் டூ முடித்துச் சேர்பவர்கள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் உண்டு. தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. சாதியோ வருமானமோ இதற்குத் தடையில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். என் பெஞ்சில் உட்காரும் தோழிக்கு ஆதி திராவிடர் நலத் துறை வழியாக, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு, அதற்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அது மொத்தமாக எப்போதோ வரும். அதுவரை அவளை ஓட்டுவது இந்த ஆயிரம்தான்.

சரி, சிக்கல் எங்கே? வங்கியில்தான். விண்ணப்பத்தைக் கல்லூரியில் இதற்கென்று இருக்கும் ஆசிரியரே இணையத்தில் ஏற்றிவிடுவார், பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்ணான எமிஸ் எண் இருந்தால் போதும். பணம் மட்டும் ஆதாரைப் பார்த்துத்தான் வரும். பாஸ்புக்கில் ஆதார் எண் பதிந்திருப்பது வேறு, நேரடி மானியம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. இது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசியாக எந்தக் கணக்கை இப்படி இணைத்தோமோ அதற்குத்தான் பணம் போகும். ஒருத்திக்குப் பணம் வரவே இல்லை என்று பல மாதம் அலைந்தாள். சிம் வாங்கிய இடத்தில் அவளுக்குத் தெரியாமலே திறந்த ஒரு கணக்கில் அது சேர்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். அதைச் சரிசெய்யப் போன வங்கிக் கிளையில் ஒவ்வொரு முறையும் "சர்வர் இல்ல, நாளைக்கு வாம்மா" என்பதுதான் பதில். அப்பாவோடு போன நாளில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தனியாக வரும் பெண்ணுக்கு ஏன் அந்தப் பத்து நிமிடத்தைத் தரமாட்டார்கள் என்று இன்னும் கோபமாக இருக்கிறது.

திட்டத்தின் மேலும் குறை இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களை 2024 டிசம்பர் கடைசியில்தான் சேர்த்தார்கள். எங்களோடு சேர்ந்தவர்களுக்கு முதல் வருடம் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை, இத்தனைக்கும் அவர்கள் வீடும் எங்கள் வீடு போலத்தான். ஆசைப்பட்டு ஆறாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் போட்டு, பணம் கட்ட முடியாமல் ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்த பெண் என் தெருவிலேயே இருக்கிறாள். அவளுக்கு இல்லை. உண்மையில் அந்த வீட்டுக்குத்தான் தேவை அதிகம். 2022-ல் வைத்த ஆயிரம் இன்றும் ஆயிரமாகவே இருக்கிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று இதே தொகையைத் தந்தது நல்ல விஷயம். மாமா பையன் ஐ.டி.ஐ.யில் அதை வாங்குகிறான்.

முதுநிலைக்கு இது கிடையாது, பட்டம் முடிந்ததும் நின்றுவிடும். எனக்கு எம்.எஸ்சி. படிக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது அதற்காகத்தான்.

சேரப் போகிறவர்கள் ஒரு வேலையை இப்போதே செய்துவிடுங்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, மானியத்துக்காக ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று வங்கியில் தெளிவாகச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இணைந்துவிட்டதா, எந்த வங்கிக்கு இணைந்தது என்பதை ஆதார் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பிளஸ் டூ விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள், கல்லூரி திறந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.