கோனோடோன்ட் பார்ப்பதற்கு வாங்கிய ஸ்டீரியோ நுண்ணோக்கி

கோயம்புத்தூரில் வாங்கிய இந்தக் கருவியில், இமயமலையின் ஸ்பிதிப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து எடுத்த கோனோடோன்ட் என்னும், அழிந்துபோன விலாங்கு போன்ற கடலுயிரியின் புதைபடிவப் பற்கூறுகளைப் பார்த்து வருகிறேன். நம் கொங்கு நாட்டுப் பாறைகள் பெரும்பாலும் உருமாறிய தொல்பாறைகள் என்பதால் இவை இங்கே அகப்படுவதில்லை. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத இந்த அப்பட்டைட் (கால்சியம் பாஸ்பேட் கனிமம்) பற்களில், 2001இல் சீனாவின் மெய்ஷானில் ட்ரையாசிக் என்னும் புவியியல் காலத்தின் (சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) தொடக்கத்தைக் குறிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடோன்ட் இனத்தை அதன் உறவினமான டிபிகாலிஸிலிருந்து பிரித்தறிய, முதன்மைக் கூர்முனை பக்கத்துச் சிறுபற்களைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்று ஒப்பிட வேண்டும். 40 மடங்குப் பெருக்கத்தில் அது அழகாகத் தெரிகிறது.

குறை விளக்கில்தான். வெளிர்மஞ்சளிலிருந்து கறுப்புவரை மாறும் பல்லின் நிறமே பாறை பட்ட வெப்பத்தைச் சொல்லும் என்னும்போது, உடன் வந்த எல்இடியின் நீலச் சாயல் அந்த மஞ்சளையே மறைத்துவிடுகிறது. கடைக்காரர் மாற்றித்தர மறுத்ததால், நிறம் பார்க்கும் வேலையைச் சன்னலோரக் காலை வெளிச்சத்தில் செய்கிறேன். லென்சுக்காக இதைத் தயங்காமல் வாங்கலாம்.